வழியம்பலத்தின் நடுவே போன கோடு

எல்லை பிரிக்கக் கமிஷன் போட்டு, எந்தப் பக்கம் சேருவது என்று கிளர்ச்சி நடந்த வருடங்களில் பாறசாலைப் பக்கத்தில் ஒருவன் அளவு டேப்போடு ரோட்டில் இறங்கினால் மூன்று தரப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றவர்கள் ஒரு தரப்பு. கேரளத்தோடுதான் என்றவர்கள் ஒரு தரப்பு. இரண்டு பேரையும் நம்பாத போலீஸ் ஒரு தரப்பு. நான் மூன்று தரப்புக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அந்தக் கோபம் இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை.

பம்பாயில் கட்டடக்கலை படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். அப்படி ஒரு தொழில் இருப்பதே ஊருக்குத் தெரியாது. கொத்தனாரும் இல்லை, ஓவர்சியரும் இல்லை என்றால் பிறகு இவன் யார்? 'பிளான் சார்' என்று ஒரு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். வேலையில்லாதவன் பூனையைப் பிடித்துச் சிரைத்த கதையாக நான் சந்தை முக்கு வழியம்பலத்தைப் பிடித்துக்கொண்டேன் என்று என் வீட்டிலேயே பேச்சு.

அது ராஜா காலத்தில் வழிப்போக்கர் தங்குவதற்காகக் கட்டிய மண்டபம். மூன்று வரிசை கல்தூண். பின்னால் மட்டும் சுவர். நடுவரிசைத் தூண்களின் மேல் முகட்டு உத்தரம் ஓடும். அதிலிருந்து முன்னால் ரோட்டுப் பக்கம் ஒரு சரிவு, பின்னால் கோயில் குளத்துப் பக்கம் ஒரு சரிவு என்று ஓட்டுக்கூரை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுப்பார்கள். பூவாறு மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்து இடுப்பை நிமிர்த்துவார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு அங்கேதான். மிஷன் சபைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாட்டுப் பழகுவதும் அங்கேதான். கூரை பல இடத்தில் ஒழுகியது. அதைப் பற்றி எல்லோரும் புகார் சொல்வார்கள். ஏணி வைக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு நாள் ஓவர்சியர் வந்து முன்வரிசைத் தூண்களில் சிவப்பு மையால் அடையாளம் வைத்தார். எவ்வளவு போகும் என்று கேட்டேன். முழுவதும் போகும் என்றார். எதிர்ப்பக்கம் வெறும் தரிசு கிடக்கிறதே, ரோட்டை அந்தப் பக்கம் நகர்த்தக் கூடாதா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ரோட்டின் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எந்தக் கேள்வியும் அந்த ஒரு கேள்வியில்தான் போய் முடியும்.

பம்பாயில் எங்கள் ஆசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்வார், ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறவர்களுக்குப் படத்தைக் காட்டு என்று. எங்களுடையது என்று அவர்கள் வாயால் வந்துவிட்டால் பிறகு இடிக்க வருகிறவன் யோசிப்பான். அதை நம்பி வேலையைத் தொடங்கினேன். மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து கோயில் வாசல் வரை உள்ள வரிசை முழுவதையும் அளந்து வரைவது, ஒரு பிரதியை ரோட்டு ஆபீசுக்கு மனுவோடு கொடுப்பது, ஒரு பிரதியைச் சந்தை நாளில் வழியம்பலத்திலேயே தொங்கவிடுவது என்று முடிவு.

அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வழியம்பலத்தை ஒட்டிச் சாயாக்கடை வைத்திருந்தவர் தானாக வந்து பிடித்தார். அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம். கொதிக்கிற பாய்லரை விட்டுவிட்டு ஒரு மனிதன் சும்மா வந்து டேப்பைப் பிடிப்பானா? போலீஸ்காரர்கள் அவர் கடையில்தான் சாயா குடிப்பார்கள். ஓவர்சியரின் சைக்கிளும் அங்கேதான் சாய்ந்திருக்கும். காலையில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் தும்மினால் சாயங்காலத்துக்குள் உதியன்குளங்கரையில் எனக்குச் சளி என்று தெரிந்துவிடும். இவரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே டேப்பைப் பிடித்தார்.

மனுவை ஆபீசில் கொடுத்துவிட்டு, சந்தை நாளன்று படத்தை மாட்டினோம். மைதாப் பசை அவர் கொடுத்ததுதான். கூட்டம் நான் நினைத்ததற்கு மேலேயே சேர்ந்தது. ஒவ்வொருவரும் தன் கடையை, தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரலால் தொட்டுப் பார்த்தார்கள். மீன்காரி ஒருத்தி தான் கூடை வைக்கிற தூண் எது என்று கேட்டு, காட்டியதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த அரைமணி நேரம் நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். அதற்குள் கோட்டைப் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்தை ஓர் இடத்தில் வெட்டி, முன்பக்கத்தை எடுத்துவிட்டால் உள்ளே என்ன தெரியும் என்பதைத் தனியாக ஒரு படமாக வரைவோம். எந்த இடத்தில் வெட்டியதாக வைத்துக்கொள்கிறோம் என்பதைக் காட்டத் தரைப்படத்தில் ஒரு கோடு போடுவோம். நீளமாக ஒரு கீறல், ஒரு புள்ளி, மறுபடி ஒரு கீறல். இரண்டு முனையிலும் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று ஓர் அம்பு. நான் வரிசை முழுவதையும் வெட்டிக் காட்டியிருந்தேன். அதனால் கோடு பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கடைகளுக்குள் நுழைந்து, வழியம்பலத்தின் நடுத்தூண்களுக்குச் சற்று முன்னால் புகுந்து, கோயில் வாசல் வரை போயிற்று. தேசப்படத்தில் எல்லைக்கும் இதே கீறலும் புள்ளியும்தான். ஊரோ அந்த நாட்களில் எல்லைப்படம் தவிர வேறு படமே பார்த்ததில்லை.

முதலில் விரலை வைத்தவர் சாயாக்கடைக்காரர்தான்.

"சாரே, இது என்ன கோடு?"

"வெட்டுக்கோடு."

"எதை வெட்டுது?"

"கட்டடத்தை. நிஜமாக இல்லை, படத்தில்தான்."

"எனக்க கடையும் இதில உண்டே. அடுப்பு குளத்துப் பக்கம், பெஞ்சு ரோட்டுப் பக்கம். அப்பம் சாயா போடுறது மதராஸில, குடிக்கிறது கேரளத்தில ஆக்கும்?"

கூட்டம் சிரித்தது. பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தியது.

கொப்பரை வியாபாரி ஒருவர் முன்னால் வந்தார். கேரளத் தரப்புக்கு அந்த முக்கில் அவர்தான் தலை. அவர் அம்பைத் தொட்டார்.

"இந்த அம்பு எதுக்கு?"

"பார்க்கிற திசை. குளத்துப் பக்கம்."

"ஆரு பாக்குறது?"

"நான்தான்."

"நீங்க என்னத்துக்கு அங்கோட்டு பாக்குதிய? அங்க என்ன உண்டு?"

மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பின்னாலிருந்து கையை உயர்த்தினார். தமிழ்த் தரப்பில் அவர் பேச்சுக்கு அடுத்த பேச்சு இல்லை. "மக்கா, பிள்ளைகளுக்கு மேப்பு படிப்பிக்கிறவன் நான். எல்லைக்கோடு கண்டா எனக்குத் தெரியாதா? உள்ளதைச் சொல்லிரு. கமிஷன்காரன் தந்ததுதானே இது?"

வாத்தியாரும் வியாபாரியும் எந்தக் காரியத்திலும் ஒத்துப்போகாதவர்கள். சண்டை முற்றிவிட்டால் வாத்தியாருக்கு மலையாளத்திலும் வியாபாரிக்குத் தமிழிலும்தான் வசவு வரும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரித் தலையாட்டினார்கள். எல்லை இப்படித்தான் வரப்போகிறது, பிளான் சாருக்கு முன்னமே தெரியும், சொல்லக் கூடாது என்று உத்தரவு.

நான் விடவில்லை. சாயாக்கடையில் ஒரு பப்பாளிப்பழத்தை வாங்கி, பெஞ்சில் வைத்து, எல்லோரும் பார்க்க நீளவாட்டில் வெட்டினேன். இந்தப் பாதியை எடுத்துவிட்டால் அந்தப் பாதியில் விதை எப்படி இருக்கிறது என்று தெரிகிறது அல்லவா, அவ்வளவுதான் விஷயம், பழத்தை வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்றேன். மிகவும் கவனமாகக் கேட்டார்கள். பழத்தைத் தின்றார்கள். போகும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது: "எப்பிடி ரெண்டாப் பிரிக்கப் போறாண்ணு சாரு வெளிப்படையாச் சொல்லாம பழத்தில காட்டிட்டாரு, கேட்டியா." எனக்குத் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இரண்டாம் நாள் போலீஸ் வந்து அழைத்துப்போனது. அடிக்கவில்லை, திட்டவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, கோட்டை யார் கொடுத்தார்கள் என்று ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை, நான்தான் போட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சந்தையில் நடந்தது அவர்களுக்கு வரிக்கு வரி தெரிந்திருந்தது. பப்பாளி உட்பட. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலம் கடைக்குப் போனபோது அவர் கேட்காமலே சாயா போட்டுக் கொடுத்தார். குடிக்காமல் வந்தேன்.

பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டிருந்தால்கூட நடத்தியிருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாத்தியார் ஆட்களோடு வந்து வழியம்பலத்தின் குளத்துப் பக்கத்தைக் கழுவினார். அடுத்த வாரம் அந்தச் சரிவில் ஓட்டைத் தாங்குகிற கழுக்கோல்களில் இற்றுப்போனதைப் பிடுங்கிவிட்டு, வைரம் பாய்ந்த பனையில் புதிய கழுக்கோல் போட்டு ஓடு மாற்றினார்கள். கமிஷன் பார்க்க வந்தால் இந்தப் பாதியைத் தமிழர்கள்தான் பராமரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். இதைப் பார்த்த கொப்பரை வியாபாரிக்குப் பொறுக்குமா? ரோட்டுப் பக்கச் சரிவு முழுவதுக்கும் கொல்லத்திலிருந்து புது ஓடு இறங்கியது. முன்தூண்களில் இருந்த சிவப்பு மையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார்கள். ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பது எப்படி என்று எனக்குப் பம்பாயில் சொல்லிக்கொடுத்த எதிலும் இந்த முறை இல்லை.

இரண்டு தரப்பும் என்னை நம்பவில்லை. ஆனால் இரண்டு தரப்பும் என்னிடம்தான் யோசனை கேட்டார்கள். பழைய கழுக்கோலின் தடிமன் என்ன, சுண்ணாம்பில் எவ்வளவு மணல் சேர்க்கலாம் என்று வாத்தியார் கேட்டுவிட்டுப் போவார். பின்னாலேயே வியாபாரி வருவார். "அவருக்க கிட்ட என்ன பறஞ்சிய?" நான் சொன்னதை அப்படியே சொல்வேன். "அதுக்கு மேல ஒண்ணும் பறயல்லியா?" இல்லை என்றால், உண்டு என்று எடுத்துக்கொண்டு போவார்.

கடைசியில் முகட்டில் வந்து வேலை நின்றது. இரண்டு சரிவும் சேருகிற உச்சியில் கவிழ்க்கிற ஓடு யாருடையது? நாங்கள் போட்டால் அவர்கள் தண்ணீர் எங்கள் பக்கம் வரும் என்று ஒருவரும், நாங்கள் விட்டுக்கொடுத்தால் கோடு எங்கள் பக்கம் நகரும் என்று இன்னொருவரும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. திறந்து கிடந்த முகட்டின் வழியே தண்ணீர் நேராக நடுத்தூண்களில் இறங்கியது. நான் சந்தை நடுவில் நின்று இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குப் பலன் இருந்தது. அந்தத் தரப்பில் ஒருவன், இந்தத் தரப்பில் ஒருவன், முகட்டின் இரண்டு முனையிலும் கால் இருபுறமும் தொங்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஓடாகக் கவிழ்த்துக்கொண்டே நடுவை நோக்கி நகர்ந்தார்கள். ஒருவன் கை வேகமாகப் போனால் கீழே இருந்து சத்தம் வரும், "எலே, அவன் முன்னால போறான் பாத்துக்கோ!" நடுவில் கடைசி ஓட்டை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து வைத்தார்கள். சாயாக்கடைக்காரர் கீழே நின்று இருவருக்கும் சாயாவைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்.

ஒழுகல் நின்றது. ஓவர்சியர் வருவதும் நின்றது. எல்லை தெரியட்டும், அதுவரை கல்லைத் தொட வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். அந்தக் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்க இரண்டு தரப்பும் வந்து, ஆளுக்கொரு சரிவின் கீழே உட்கார்ந்தது. கட்டடம் பிழைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

எல்லை வந்தது. எங்கள் முக்கில் அல்ல. எங்களுக்குக் கிழக்கே, களியக்காவிளைக்குச் சற்று இப்பால் போய் விழுந்தது. என் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே கேரளத்தில் கிடந்தன. வாத்தியார் பல நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வியாபாரி ஆட்களுக்கு லட்டு கொடுத்தார். வழியம்பலத்தைப் பெருக்க அதன் பிறகு இரண்டு தரப்பிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. நான் வாத்தியார் வீட்டுக்குப் போய், இப்போதுதான் ஓவர்சியர் வருவார், நாம் ஒன்றாக நிற்க வேண்டும் என்றேன். "இனி என்னத்துக்கு மக்கா? அதான் எல்லாம் முடிஞ்சாச்சே" என்றார். வியாபாரியும் அதையேதான் சொன்னார், முகத்தில் சிரிப்போடு.

ஓவர்சியர் வந்தார். கையில் உத்தரவு இருந்தது. மனுவைப் பரிசீலித்ததில், மனுதாரர் தம் படத்தில் காட்டியுள்ள கோடு வரை வழியம்பலம், அதை ஒட்டிய கடை இரண்டிலும் முன்பகுதி மட்டும் ரோட்டுக்கு எடுக்கப்படும். கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி விட்டுவைக்கப்படும். வாசித்ததும் பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனேன். அது வெட்டுக்கோடு, இடிக்கிற கோடு இல்லை, படத்தில் வெட்டுவதற்கு மட்டும் என்று அங்கே இருந்தவரிடம் கத்தினேன். அவர் கோப்பைப் புரட்டி, என் படத்தை என் பக்கமே திருப்பி வைத்து, அமைதியாகக் கேட்டார்.

"இது சார் தன்னே வரச்ச வரயல்லே?"

நான் வரைந்த கோடுதான்.

இடித்த நாளில் போய் நின்றேன். முன்வரிசைத் தூண்கள் போயின. கொல்லத்து ஓடு முழுவதும் போயிற்று. சாயாக்கடையின் பெஞ்சும் கல்லாவும் இருந்த பகுதி போயிற்று. அடுப்பு மட்டும் மிச்சம். புழுதி அடங்கியபோது நடுத்தூண் வரிசையும், முகட்டு உத்தரமும், அதிலிருந்து பின்னால் இறங்குகிற கழுக்கோல்களும், கடைசியில் சுவரும் ரோட்டுக்குத் திறந்து தெரிந்தன. நான் வரைந்த வெட்டுப்படம் அப்படியே நின்றது. அம்பு காட்டிய பக்கம் மிச்சம், அதற்கு முதுகுப் பக்கம் காலி. எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாத்தியாரும் கொப்பரை வியாபாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "சாரு அண்ணைக்கே சொன்னாரு, இந்த இடத்தில வெட்டி முன்பக்கத்தை எடுக்கும்ணு" என்றார் வியாபாரி. "பழத்தில காட்டவும் செய்தான்" என்றார் வாத்தியார். இத்தனை வருடம் நான் சொன்ன ஒரு வார்த்தையையும் நம்பாதவர்கள் அன்று ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நம்பினார்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் வித்தியாசமே இல்லை.

ஓவர்சியர் போகிற போக்கில் என்னிடம் சொன்னார், இது முன்னமே முடிந்திருக்க வேண்டிய வேலை என்று. எல்லை தெரிவதற்கு முன்னால் வந்த ஒவ்வொரு தடவையும் சாயாக்கடைக்காரர், கல்லில் கை வைத்தால் கலவரம் வெடிக்கும், போலீசைக் கூட்டிக்கொண்டு வா என்று பயம் காட்டித் திருப்பி அனுப்பினாராம். ஆகவே சாயாக்கடைக்காரர் கதை கடத்துகிறார் என்ற என் சந்தேகம் சரிதான். என்ன கதையைக் கடத்துகிறார் என்று மட்டும் நான் கேட்டதில்லை.

அடுத்த கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர்கள் மிச்சமிருந்த பாதியில் ஏறி உட்கார்ந்தார்கள். முன்னால் தூண் இல்லாததால் எதிர்த் தரிசில் உட்கார்ந்தவர்களுக்கும் நன்றாகத் தெரிந்தது. முன்னைவிட வசதி என்று ஊரில் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் பாட்டும் அங்கேயே நடந்தது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் போனேன்.

சாயாக்கடைக்காரர் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். மிச்சமிருந்த அடுப்பைச் சுற்றிப் புதிதாகக் கடை கட்ட வேண்டும், பிளான் வேண்டும் என்றார். உட்காரச் சொல்லி, அவர் பார்க்கவே வரைந்து கொடுத்தேன். கை பழக்கத்தில் கடைசியாக அந்தக் கோட்டையும் போட்டுவிட்டேன்.

அவர் விரலை அதன் மேல் வைத்தார். "எல்லாம் நல்லா உண்டு சாரே. இந்தக் கோடு மட்டும் வேண்டாம்."

ரப்பரை எடுத்து அழித்தேன். தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். பென்சில் அழுந்திய தடம் லேசாகத் தெரிந்தது.

"இது போவாதா?" என்றார்.

புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து வரைந்தேன்.